ஒரே அடித்தளம், பல வகைகள்: முதலாம் தலைமுறை வொக்ஸ்வாகன் கோல்ஃப் (1974 - 1983)

1. அறிமுகம்

பயணிகள் இருக்கும் பகுதியும் பொதிகள் வைக்கும் பகுதியும் ஒரே கூட்டினுள் அமைந்து, பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் கதவைக் கொண்ட கார் ‘ஹற்ச்பக்’ எனப்படும். இவ்வகைக் கார்களுள் உலகப் புகழ்பெற்றது ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஆகும். ஓர் உற்பத்திப் பொருள் ஏன் மாற்றப்படுகின்றது, ஒரே வடிவமைப்பிலிருந்து பல வகைகள் எவ்வாறு பெறப்படுகின்றன ஆகிய இரு வினாக்களுக்கும் இதன் வரலாறு விடை தருகின்றது.

2. மாற்றத்திற்கான காரணங்கள்

வொக்ஸ்வாகன் நிறுவனம் நீண்டகாலம் ‘பீற்றில்’ காரையே பெரிதும் நம்பியிருந்தது. 1972 பெப்ரவரியில் பீற்றில், போர்ட் மொடல் ரீ காரின் உற்பத்திச் சாதனையை முறியடித்தது. எனினும் அதன் அமைப்பு 1930களுக்கு உரியது. எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. அது வளியினால் குளிரூட்டப்பட்டது. பொதிகளுக்கான இடமும் குறைவு. புதிய போட்டிக் கார்கள் சந்தைக்கு வர, விற்பனை சரிந்தது. 1973 இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 1974 இல் நிறுவனம் 80 கோடி மார்க்குக்கும் அதிகமான நட்டமடைந்தது. தொழிலாளரின் வேலைகளும் கேள்விக்குறியாயின.

3. புதிய வடிவமைப்பு

1974 இல் வொல்ஃப்ஸ்பேர்க் தொழிற்சாலையில் கோல்ஃப் உற்பத்தி தொடங்கியது. இதன் நேர்கோட்டு வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜோர்ஜெற்றோ ஜியுஜாரோ ஆவார். இதன் முக்கிய இயல்புகள்:

(அ) எஞ்சின் முன்புறத்தில் குறுக்காகப் பொருத்தப்பட்டமை. இதனால் எஞ்சின் அறை சுருங்கி, உள்ளே இடம் கூடியது.
(ஆ) முன்சில்லுகள் செலுத்தப்பட்டமை. பின்சில்லுகளுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு தேவைப்படவில்லை.
(இ) நீரினால் குளிரூட்டப்பட்டமை. எஞ்சினின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது இலகுவானது, இரைச்சலும் குறைந்தது.
(ஈ) பின்கதவும் மடிக்கக்கூடிய பின்னிருக்கையும். தேவைக்கேற்பப் பொதியிடத்தைப் பெருக்கலாம்.

தொடக்கத்தில் 1.1 லீற்றர், 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின்கள் வழங்கப்பட்டன.

4. வகைகள்

ஜீ.ரி.ஐ.: 1975 இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1976 இல் விற்பனைக்கு வந்தது. எரிபொருள் உட்செலுத்தும் 1.6 லீற்றர் எஞ்சின் 110 குதிரைவலுவைத் தந்தது. 5,000 கார்கள் செய்யவே முதலில் எண்ணினர். இத்தலைமுறையில் மட்டும் 4 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமானவை விற்பனையாயின.
டீசல்: 1976 இல் வந்தது, 1.5 லீற்றர், 50 குதிரைவலு. எரிபொருட் சிக்கனமே இதன் சிறப்பு.
ஜெற்றா: 1979, பின்புறத்தில் தனியான டிக்கி சேர்க்கப்பட்ட வகை.
கப்ரியோலே: 1979, கூரையை மடிக்கக்கூடியது. ஒஸ்னாபுரூக் நகரில் கார்மன் நிறுவனம் தயாரித்தது.
கெடி: பின்புறத்தில் திறந்த பொதித்தட்டு உள்ள சிறிய ‘பிக்கப்’.

ஐக்கிய அமெரிக்காவில் ‘ரபிற்’ என்றும் மெக்சிக்கோவில் ‘கரிபே’ என்றும் இக்கார் விற்கப்பட்டது. 1983 இல் இரண்டாம் தலைமுறை வந்த பின்னரும், தென்னாபிரிக்காவில் ‘சிற்றி கோல்ஃப்’ என்ற பெயரில் 1984 முதல் 2009 வரை இப்பழைய வடிவமே தயாரிக்கப்பட்டது.

5. நினைவிற் கொள்க

அடித்தளமும் எஞ்சின் அமைப்பும் பொதுவாயிருந்தமையால், ஒவ்வொரு வகைக்கும் புதிதாக யாவற்றையும் வடிவமைக்கும் செலவு மீதமாயிற்று. வேகம், சிக்கனம், பொதியிடம் என வேறுபட்ட தேவைகளை உடையவர்களும் வாங்குவோராயினர். விடையெழுதும்போது ஆண்டுகளை மட்டும் அடுக்காது, காரணத்தையும் சேர்த்து எழுதுக.

6. பயிற்சி

(1) எஞ்சினைக் குறுக்காகப் பொருத்துவதன் நன்மை ஒன்று தருக.
விடை: எஞ்சின் அறையின் நீளம் குறைவதால் பயணிகளுக்கு அதிக இடம் கிடைக்கும்.
(2) டீசல் வகை, ஜீ.ரி.ஐ. ஆகியன எத்தேவைகளை நிறைவு செய்தன? ஒப்பிடுக.
(3) நன்றாக விற்பனையாகும் ஒரே பொருளை மட்டும் நம்பியிருப்பது ஒரு நிறுவனத்திற்கு ஆபத்தானது. பீற்றில் காரை உதாரணமாகக் கொண்டு விளக்குக.