சாலை வராத கடற்கரை

இத்தாலி நாட்டைச் சேர்ந்த ஒரு தீவு சிசிலி. மத்தியதரைக் கடலில் உள்ள தீவுகளில் இதுவே பெரியது. இந்தத் தீவின் கடற்கரையில் ஓர் இயற்கைக் காப்பகம் இருக்கிறது. அதன் பெயர் சிங்காரோ.

வாருங்கள், ஒரு நாள் போய்ப் பார்த்து வருவோம்.

காலையிலேயே கிளம்ப வேண்டும். ஸ்கோபெல்லோ என்ற சிற்றூரைத் தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட வேண்டும். காப்பகத்துக்குள் கார், பஸ் எதுவும் போகாது. நடந்துதான் போக வேண்டும். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிழல் குறைவு.

முதலில் ஒரு சுரங்கம் வருகிறது. பாறையைக் குடைந்து செய்த சுரங்கம். இங்கே இது எதற்கு? பிறகு சொல்கிறோம்.

இனி ஒற்றையடிப் பாதை. சுமார் 7 கிலோமீட்டர் நீளம். வலது பக்கம் நீலக் கடல். இடது பக்கம் மலை. வழியில் சின்னச் சின்ன வளைகுடாக்கள். இறங்கிக் குளிக்கலாம்.

பாதை ஓரத்தில் குட்டைப் பனைகள் வளர்கின்றன. நம் ஊர்ப் பனை போல உயரம் இல்லை. புதர் போல இருக்கும். அதன் ஓலையில் கூடை முடைந்தார்கள். கயிறு திரித்தார்கள். துடைப்பம் கட்டினார்கள். அந்தப் பொருள்களை இங்கே ஒரு சிறு காட்சிச்சாலையில் பார்க்கலாம்.

மேலும் நடந்தால் உட்சோ குகை. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய எலும்புகள் இங்கே கிடைத்தன.

இப்போது சுரங்கத்தின் கதை.

1976-இல் இந்தக் கரை ஓரமாகச் சாலை போடத் தொடங்கினார்கள். சுரங்கம் அதற்காகத்தான். சாலை நல்லதுதானே? ஆம், ஊருக்குச் சாலை வேண்டும். ஆனால் இங்கே சாலை வந்தால் கட்டடங்களும் வரும். மரமும் பறவையும் அழியும் என்று பலர் அஞ்சினார்கள்.

1980 மே 18 அன்று சுமார் 3,000 பேர் கூடினார்கள். இந்தக் கரை வழியே நடந்தார்கள். "சாலை வேண்டாம், கரையைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்டார்கள். வேலை நின்றது. 1981-இல் சட்டம் வந்தது. சிங்காரோ சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகம் ஆனது. சாலை போகவில்லை. சுரங்கம் மட்டும் மிஞ்சியது.

சட்டம் வந்தால் போதுமா? 2020 ஆகஸ்டில் இங்கே பெருந்தீ பிடித்தது. நிறைய மரங்கள் கருகின. குட்டைப் பனை தீயில் கருகினாலும் மறுபடி குருத்து விடும். எல்லா மரமும் அப்படி இல்லை. காப்பாற்றும் வேலை ஒரு நாளில் முடிவதில்லை.

மாலை ஆகிவிட்டது. திரும்புவோம். குப்பையைப் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.

புதிய சொற்கள்
காப்பகம் – பாதுகாக்கும் இடம்
வளைகுடா – நிலத்துக்குள் வளைந்து வரும் கடல்

பேசுவோம்
1. சுரங்கம் எதற்காகக் குடையப்பட்டது?
2. மக்கள் ஏன் நடந்தார்கள்?
3. உங்கள் ஊரில் எல்லோரும் சேர்ந்து காக்க வேண்டிய இடம் எது?