பெயர்ச்சீட்டு இல்லாத நீர்ச்செடி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் செடி வாங்கியவர்களுக்கு இது தெரிந்த கதை. ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு, இல்லையென்றால் அடியில் ஈயப்பட்டை சுற்றிய நாலு தண்டு. பெயர் கேட்டால், "வாட்டர் பிளாண்ட்தான் சார், நல்லா வரும்" என்பார் கடைக்காரர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு வந்த மூட்டையிலேயே சீட்டு கிடையாது. வீட்டுக்கு வந்தபின் இது என்ன செடி, எப்படி வளர்ப்பது என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவற்றில் அடிக்கடி காதில் விழுபவை சில.

நம்பிக்கை: இலையை போட்டோ எடுத்து செல்போன் செயலியில் போட்டால் பெயர் வந்துவிடும்.

ஒரு பெயர் வரும். அது சரியான பெயரா என்பதுதான் சந்தேகம். கடைக்கு வரும் செடிகளில் பல, பண்ணையில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டி வளர்ந்தவை. அப்படி வளர்த்தால் பாசி பிடிக்காது, நத்தை தொல்லை குறைவு, வளர்ச்சியும் வேகம். ஆனால் காற்றில் முளைத்த இலைக்கும் நீரில் முளைத்த இலைக்கும் சம்பந்தமே இல்லாதபடி வேறுபாடு இருக்கும். காற்றிலை தடிப்பாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருக்கும். நீரிலைக்கு உலர்ந்துபோகும் பயம் இல்லாததால் மெல்லியதாக வரும்; வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் துவண்டு தொங்கும்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் வாட்டர் விஸ்டீரியா வாங்குங்கள். ஹைக்ரோஃபிலா டிஃபார்மிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இந்தியத் துணைக்கண்டத்துச் செடி. கட்டில் வரும்போது ஓரம் பல் பல்லாக வெட்டிய முழு இலை. தொட்டியில் நட்டபின் நுனியிலிருந்து வரும் முதல் ஜோடியில் வெட்டு கொஞ்சம் ஆழமாகும், அடுத்த ஜோடி பிளவுபடும், அதற்கடுத்தது கொத்தமல்லித் தழையாகவே மாறிவிடும். ஒரே தண்டில் அடியில் ஒரு செடி, நுனியில் இன்னொரு செடி. இதில் எந்த இலையை செயலிக்குக் காட்டுவீர்கள்? உங்கள் தண்ணீரில் பிறந்த இலை நாலைந்து வரும்வரை பொறுத்திருந்து அதைப் பார்ப்பதுதான் முறை.

அதுவரை செடியை எப்படி வைப்பது? பெயர் தெரியாவிட்டாலும் உடம்பின் அமைப்பு தெரிந்தால் போதும். கணுக்கணுவாகத் தண்டு ஓடினால் வெட்டி நட்டாலே வேர் விடும். எல்லா இலையும் ஒரே குருத்திலிருந்து கிளம்பினால் வேர் மட்டும் மணலுக்குள், குருத்து வெளியே. படுத்த கிழங்குத் தண்டிலிருந்து இலை எழுந்தால் அதைப் புதைக்கவே கூடாது. வேரே இல்லையென்றால் மிதக்க விடுங்கள்.

பெயரும் இந்த வழியாகத்தான் கிடைக்கும். தட்டையான சிற்றிலைகள் வட்டமாக அடுக்கிய தண்டா? ஒரு கணுவில் எத்தனை இலை என்று எண்ணுங்கள். பெரும்பாலும் ஐந்து, ஓரத்தில் பல், விரலால் உருவினால் சொரசொரப்பு என்றால் ஹைட்ரில்லா. நாலு, மிருதுவாக, கொஞ்சம் பெரிதாக இருந்தால் எஜீரியா. நூலிலைச் செடிகளில் குழப்பம் இன்னும் அதிகம். ஒரு கணுவில் காம்போடு எதிரெதிராக இரண்டு விசிறி என்றால் கபோம்பா. கணுவைச் சுற்றி வட்டமாக இலை வந்தால் லிம்னோஃபிலாவாக இருக்கலாம். அதே வட்டத்தில் ஒவ்வொன்றும் இறகு வடிவில் இருந்தால் மிரியோஃபில்லம். கவட்டையாகப் பிரிந்த இலை, வேர் அறவே இல்லை என்றால் செரட்டோஃபில்லம். மூக்கும் உதவும்: தடித்த சிறிய எதிரிலைச் செடியைக் கசக்கி எலுமிச்சை வாசம் வந்தால் அது பகோபா கரோலினியானா. அதன் நம்மூர் உறவுதான் வயல் ஓரத்து நீர்ப்பிரமி.

நம்பிக்கை: மீன் கடையில் தண்ணீருக்குள் இருந்தால் அது நீர்ச்செடிதான்.

இல்லை. லக்கி பேம்பூ என்ற டிரசீனா, சிங்கோனியம், பீஸ் லில்லி எல்லாமே நீர்ச்செடி என்று விற்கப்படுவது உண்டு. மூழ்கவைத்தாலும் உடனே சாகாது என்பதுதான் இதில் வில்லங்கம். விறைப்பாக, பளபளவென்று சில மாதம் நிற்கும். புது இலை மட்டும் வராது. பிறகு அடி அழுகித் தண்ணீர் நாறும். தலை வெளியே தெரியும்படி வைத்தாலோ பூந்தொட்டிக்கு மாற்றினாலோ பிழைத்துக்கொள்ளும்.

நம்பிக்கை: இலை கரைந்துவிட்டால் செடி செத்துவிட்டது.

அதிகம் பேர் நல்ல செடியைக் குப்பையில் போடுவது இந்த எண்ணத்தால்தான். கிரிப்டோகோரைன் இனச் செடிகள் தண்ணீரோ வெளிச்சமோ மாறினால் இலையை எல்லாம் கூழாகக் கரைத்துவிடும். இவற்றில் கடையில் பழுப்பும் பச்சையுமாகக் கிடைக்கும் வென்ட்டி இலங்கைச் செடி. இதே இனத்து ஸ்பைராலிஸ் நம் பக்கத்திலேயே வளர்கிறது. அதன் கிழங்கை நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடையில் விற்கிறார்கள். கரைந்த இலைகளை மட்டும் எடுத்துவிட்டு அடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. சில வாரங்களில் புது இலை வரும். அழுத்தும்போது நசுங்கி நாற்றமடித்தால்தான் போச்சு. பிழைத்திருக்கிறதா என்று பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பவர்களிடம் எந்தச் செடியும் பிழைக்காது.

நம்பிக்கை: இலைக்கடியில் கரும்புள்ளி வந்தால் நோய்.

ஜாவா ஃபெர்னில் அந்தப் புள்ளிகள் வித்துத்தூள் மூட்டைகள். முதிர்ந்த இலையின் நுனியில் குட்டிச் செடியே முளைக்கும். வேர் விட்டதும் கிள்ளிக் கல்லில் நூலால் கட்டிவிடலாம். அனுபியாஸுக்கும் கட்டுவதுதான் முறை.

நம்பிக்கை: கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் விலை உயர்ந்த லைட்டும் இல்லாமல் செடி வராது.

பள்ளி ஆய்வகத்தில் பீக்கருக்குள் ஹைட்ரில்லாவை வைத்து, புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக்குழாயில் குமிழி எண்ணியது நினைவிருக்கிறதா? ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போட்டதும் குமிழி கூடும். கரியமில வாயு கூடினால் ஒளிச்சேர்க்கை கூடும் என்பது உண்மைதான். தரை முழுக்கப் பரவும் கார்பெட் வகைகளுக்கும் சிவப்புத் தண்டுச் செடிகளுக்கும் சிலிண்டர் நன்றாகவே உதவும். ஆனால் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்றவை தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டையே எடுத்துக்கொள்ளும். பலர் அலுத்துக்கொள்ளும் போர்வெல் கடின நீரில் வாலிஸ்னேரியா செழிப்பது அதனால்தான். சாதாரண எல்.இ.டி. விளக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். கூட்டினால் பாசிதான் கொழுக்கும். (ஆய்வகத்தில் செய்ததுபோல மீன் தொட்டியில் சோடாவைக் கொட்டிவிடாதீர்கள், நீரின் காரத்தன்மை ஏறிவிடும்.)

உரமாக யூரியா, டி.ஏ.பி. போடும் யோசனை சொல்பவர்களும் உண்டு. தொட்டியில் அது அம்மோனியாவாகும். செடிக்கு முன் மீன் போய்ச் சேரும்.

நம்பிக்கை: மிஞ்சிய செடியை ஏரியில் விட்டால் புண்ணியம்.

1950களில் இலங்கையிலிருந்து அக்வாரியச் செடியாக ஃபுளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா, அங்கே ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டது. இங்கே நடந்தது அதன் மறுபக்கம்: 2020இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் நீர்ப்பரப்பெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்ததைப் பார்க்கக் கூட்டம் திரண்டதே, அது கபோம்பா ஃபர்கட்டா, அமெரிக்கக் கண்டத்துச் செடி. உடைந்த ஒரு துண்டுத் தண்டிலிருந்தே கபோம்பா மறுபடி கிளைக்கும். அதனால் வெட்டிய மிச்சத்தைச் சாக்கடையிலும் போடாமல் மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துப் பூந்தொட்டிக்கு எருவாக்குங்கள். தொட்டியைக் கலைக்கும்போது வெளியேறும் பழைய மணலுக்கும் இதே வெயில்தான், அதில் கிழங்கு ஒளிந்திருக்கலாம்.