சந்தா பாக்கியும் மீன் புத்தகமும்

சங்கக் கூட்டம் என்றால் பதினைந்து பேர், சங்க விருந்து என்றால் நூற்றைம்பது பேர் வருவது நாம் அறிந்ததே. சந்தா வசூலுக்கு ரசீதுப் புத்தகத்துடன் பையன் வந்தால் "நாளைக்கு வாப்பா" என்பதும் அறிந்ததே. படித்தவர்கள் நடத்தும் சங்கத்தில் இப்படி இராது என்று நாங்களும் நினைத்திருந்தோம். காரைக்குடி சிக்ரியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1953-ல் திறக்கப்பட்ட நிலையம் அது. ஆகவே விஞ்ஞானிகளுக்குப் பணத் தட்டுப்பாடே கிடையாது என்று ஓர் எண்ணம். லண்டன் ராயல் சொசைட்டியின் வரலாற்றைப் படித்த பிறகு அந்த எண்ணம் போயிற்று.

கணித மேதை ராமானுஜன் 1918-ல் உறுப்பினரானாரே, அதே சங்கம்தான். தொடங்கியது 1660 நவம்பரில். மன்னர் சாசனம் கொடுத்தார். ஆண்டு மானியம் கொடுக்கவில்லை. சேரும்போது 10 ஷில்லிங், பிறகு கூட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் வாரம் 1 ஷில்லிங் என்பது ஏற்பாடு. ஏட்டில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலர் வரவுமில்லை, கட்டவுமில்லை. நியூட்டனுக்கே 1675-ல் வாரச் சந்தாவிலிருந்து விலக்கு அளித்தார்கள்.

இந்த நிலையில் 1686-ல் மீன்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். படங்களுக்கு உறுப்பினர்களே நன்கொடை தந்தனர். புத்தகம் அழகாக வந்தது, விற்கவில்லை. முதல் முழுவதும் சரக்காக முடங்கிவிட்டது. அடுத்து நியூட்டனின் 'பிரின்சிபியா' அச்சுக்குத் தயாரானபோது சங்கத்தின் கையில் காசில்லை. சங்க எழுத்தராக இருந்த ஹாலி (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்தவர்) சொந்தப் பணத்தைப் போட்டு 1687-ல் அதை வெளியிட்டார். அவருக்குத் தர வேண்டிய 50 பவுன் சம்பளத்துக்குச் சங்கம் கொடுத்தது என்ன தெரியுமா? விற்காத மீன் புத்தகங்களை! குமாஸ்தாவுக்குச் சம்பள நாளில் வண்டு விழுந்த பயற்று மூட்டையைத் தூக்கிக் கொடுத்த கதைதான்.

சந்தாவுக்காக ஆள் சேர்ப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஆராய்ச்சியே செய்யாத கனவான்கள் நிறையப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். வருமானம் வந்தது, மதிப்புக் குறைந்தது. 1847-ல் துணிந்து, ஆண்டுக்கு 15 பேருக்கு மேல் புதிதாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்று விதி செய்தார்கள். வரவு குறையும் என்று தெரிந்தே செய்தார்கள். பிறகு 1878 வாக்கில் வசதியுள்ள உறுப்பினர்கள் மூலநிதி ஒன்று திரட்டினார்கள். அதன் வருமானத்தைக் கொண்டு நுழைவுக் கட்டணத்தை நீக்கி, ஆண்டுச் சந்தாவையும் குறைத்தார்கள். தகுதி இருந்தும் பணமில்லாதவர் வெளியே நிற்கக் கூடாது என்பது நோக்கம்.

இந்த இடத்தில் எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் முன்பு பொருளாளராக இருந்த ஒரு சங்கத்தில் ஆயுள் சந்தா திட்டம் கொண்டுவந்தோம். ஒரே வருடத்தில் பெட்டி நிரம்பியது. பந்தலும் மாலையுமாக அந்த வருட ஆண்டு விழா அமர்க்களப்பட்டது. ஐந்தாம் வருடம் கரண்ட் பில் கட்டப் பணமில்லை. கேட்கலாம் என்றால் எல்லோரும் ஆயுள் உறுப்பினர்கள்! ஆயுள் சந்தாவை வரவு என்று எழுதியதுதான் எங்கள் பிழை. அது உறுப்பினர் இருக்கும்வரை நாம் சேவையாகத் திருப்பித் தர வேண்டிய கடன். வங்கியில் வைப்புநிதியாகப் போட்டு வட்டியை மட்டும் எடுத்திருக்க வேண்டும்.

நம் நாட்டார் இதை அறியாதவர்கள் அல்லர். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் புள்ளிக் கணக்கு உண்டு. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வர வேண்டும். கல்யாணமானதும் அவர் ஒரு புள்ளி, அவர் பேரில் வரி. வீட்டில் நல்ல காரியம் நடக்கும்போதே பெயர் ஏறிவிடுவதால் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருப்பவரும் கணக்கில் நிற்கிறார். நம் சங்கமும் உறுப்பினரின் காரியத்தோடு ஒட்ட வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதத்தில் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு, அப்போதே சந்தா கேட்டால் யார் மறுப்பார்?

இதை எழுதுமுன் சங்கத்தின் பாக்கிப் பட்டியலை வாங்கிப் பார்த்தோம். எங்கள் கடைப் பெயரும் இரண்டு வருடப் பாக்கியுடன் இருந்தது. அன்று சாயங்காலமே கட்டி ரசீது வாங்கிக்கொண்டோம்.