பொதுச் சுகாதாரப் பட்டமேற்படிப்பு: டாலிகஞ்ச் கற்பிக்கும் பாடம்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியிலுள்ள டாலிகஞ்ச், திரைப்படக் கூடங்களாலும் மெட்ரோ இரயிலாலும் பலருக்கு அறிமுகமானது. பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவருக்கோ அது வேறொரு காரணத்தால் கருத்தில் கொள்ளத்தக்கது. கங்கையின் பழைய தடமான ஆதிகங்கையை 1775 முதல் 1777 வரை வில்லியம் டாலி என்ற ஆங்கிலேய அதிகாரி தூர்வாரிக் கால்வாயாக்கினார். படகுகளிடம் சுங்கம் வாங்கவும் கரையில் சந்தை அமைக்கவும் அவருக்கு உரிமை வழங்கப்பட்டது. அந்தச் சந்தையே டாலிகஞ்ச் ஆயிற்று. காலப்போக்கில் கால்வாய் தூர்ந்து நகரின் கழிவுநீரைச் சுமக்கும் ஓடையாகியது. 1947-இல் நாடு பிரிந்தபின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் இப்பகுதியின் காலி நிலங்களில் குடியேறினர். தனி நகராட்சியாக இருந்த டாலிகஞ்ச் 1953-இல் கொல்கத்தா மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

குடிநீர், வடிகால், குடியிருப்பு, இடப்பெயர்ச்சி, நகர ஆட்சி ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் பின்னிக் கிடக்கும் இத்தகைய பகுதியில் நோய் ஏன் தோன்றுகிறது, யாரை மிகுதியாகத் தாக்குகிறது, எவ்வாறு தடுக்கலாம் என்னும் வினாக்களுக்கு மருத்துவமனையின் உள்ளிருந்தே விடை காண இயலாது. அவ்விடைகளைத் தேடும் முறையைக் கற்பிப்பதே பொதுச் சுகாதாரப் பட்டமேற்படிப்பின் நோக்கமாகும்.

நிறுவனமும் களமும்

நம் நாட்டில் இக்கல்வியின் தொடக்க வரலாறு கொல்கத்தாவுடன் இணைந்தது. அகில இந்தியச் சுகாதாரவியல், பொதுச் சுகாதார நிறுவனம் 1932 டிசம்பர் 30 அன்று இந்நகரில் தொடங்கப்பட்டது. இதற்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியது. மருத்துவர்கள் மட்டுமன்றிப் பொறியாளர்கள், கால்நடை மருத்துவர்கள், உணவூட்டவியலார், செவிலியர் போன்றோரும் பயிலும் நிலையமாக அது வளர்ந்தது. நோய்த்தடுப்பு ஒரு துறையாரால் மட்டும் முடியும் செயலன்று என்ற கருத்து அதன் அமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது.

வகுப்பறைக்கு வெளியே இரண்டு களங்களை இந்நிறுவனம் அமைத்துக்கொண்டது. ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரில் 1939-இல் தொடங்கிய கிராமச் சுகாதாரப் பிரிவு ஒன்று. டாலிகஞ்சுக்கு வடக்கே, அதே கால்வாயின் கரையில் உள்ள செட்லாவில் 1955-இல் அமைந்த நகர்ச் சுகாதார மையம் மற்றொன்று. இங்கே மாணவர் வீடு வீடாகச் சென்று குடும்ப விவரம், பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, குடிநீர் வசதி ஆகியவற்றைத் திரட்டக் கற்கின்றனர். சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் அளித்த அறிக்கை, நோயைத் தடுப்பதையும் தீர்ப்பதையும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒன்றிணைக்குமாறு பரிந்துரைத்தது. இத்தகைய களங்களின் பயன் அதனால் மேலும் தெளிவாயிற்று.

முதற்பாடம்: வகுக்கும் எண்

மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் நோயாளிகளை எண்ணிப் பழகியவர். பொதுச் சுகாதாரப் படிப்பு அவருக்கு முதலில் கற்பிப்பது, அந்த எண்ணிக்கையை எதனால் வகுப்பது என்பதாகும். ஒரு வட்டத்தில் 40 பேருக்கும் மற்றொன்றில் 30 பேருக்கும் வயிற்றுப்போக்கு கண்டதாகக் கொள்வோம். முதல் வட்டத்தின் மக்கள்தொகை 20,000, இரண்டாவதில் 5,000. ஆயிரத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டால் முதலாவதில் 2, இரண்டாவதில் 6. நோயாளிகள் குறைவாக உள்ள இடத்தில்தான் ஆபத்து மும்மடங்கு! பட்டியலை மட்டும் பார்த்து மருந்தையும் பணியாளரையும் ஒதுக்கும் அதிகாரி தவறான வட்டத்துக்கு முதலிடம் தந்துவிடுவார்.

இம்முறையின் வலிமைக்கு உலகறிந்த சான்று 1854-இல் இலண்டனில் ஜான் ஸ்னோ செய்த காலரா ஆய்வு. ஒரே பகுதியில் இரு நிறுவனங்கள் குடிநீர் வழங்கின. ஒன்று நகரக் கழிவு கலந்த இடத்தில் தேம்ஸ் ஆற்று நீரை எடுத்தது. மற்றொன்று ஆற்றின் மேற்பகுதிக்குத் தன் நீரேற்றுமிடத்தை மாற்றியிருந்தது. முதல் நிறுவனம் நீர் வழங்கிய 40,046 வீடுகளில் 1,263 பேர் மாண்டனர். இரண்டாவது வழங்கிய 26,107 வீடுகளில் 98 பேர் மாண்டனர். 10,000 வீடுகளுக்கு 315 என்றும் 37 என்றும் இவ்விகிதங்கள் அமைகின்றன. காலராவின் கிருமியை இராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது முப்பது ஆண்டுகள் கழித்து, 1884-இல்தான். கிருமி இன்னதென்று உறுதியாவதற்கு முன்பே நோயின் வழியை அடைக்க முடியும் என்பதையே இக்கணக்கு உணர்த்துகிறது.

காலம், இடம், மனிதர்

நோய்ப்பரவல் இயலில் மாணவர் வரிசையாகச் சில படிகளைப் பயில்கின்றனர். நோய் உண்மையில் வழக்கத்தைவிட மிகுந்துள்ளதா என்று பார்த்தல், யாரை நோயாளி என்று கொள்வது என வரையறுத்தல், தேடிப் பட்டியலிடுதல், காலம், இடம், மனிதர் என்னும் மூன்று வகையில் பிரித்தல், காரணத்தை ஊகித்தல், நோயுற்றவரையும் உறாதவரையும் ஒப்பிட்டு அவ்வூகத்தைச் சோதித்தல், தடுப்பு நடவடிக்கை எடுத்தல் என்பன அவை.

டாலிகஞ்சை அடுத்த பெஹாலாவில் 1988-இல் நேர்ந்த துயரம் இதற்குப் பொருத்தமான பாடமாகும். அங்கே நூற்றுக்கணக்கானோருக்குக் கைகால்கள் செயலிழந்தன. கடுகினத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்திருந்ததே காரணம். அந்த எண்ணெய் நியாயவிலைக் கடையின் வழியே வீடுகளை அடைந்திருந்தது. இதே வேதிப்பொருள் 1930-இல் அமெரிக்காவில் ஜமைக்கா இஞ்சிச் சாறு என்ற பானத்தின் மூலம் ஆயிரக்கணக்கானோரை முடமாக்கியிருந்தது.

இந்நிகழ்வில் மருத்துவர் ஒருவரிடம் தனியாக வரும் நோயாளி, நரம்புத் தளர்ச்சிக்கு உள்ளான ஒருவர் மட்டுமே. அவர் வாழும் தெரு, பொருள் வாங்கும் கடை, அதே தெருவில் நோயுறாத குடும்பங்கள் பயன்படுத்திய எண்ணெய் ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் நஞ்சின் வழி புலப்படும். முடமான கால்களை மருந்து முழுதும் மீட்டுத் தருவதில்லை. ஆயினும் கடையில் எஞ்சியிருக்கும் எண்ணெயை ஒரு நாள் முன்னதாக முடக்கினால் அடுத்த தெருவினர் தப்புவர். உணவுக் கலப்படச் சட்டம், மாதிரி எடுக்கும் முறை, ஆய்வுக்கூடச் சான்று ஆகியவை பாடத்திட்டத்தில் இடம்பெறுவதன் காரணம் இதுவே.

நீரும் அதன் இரு முகங்களும்

சுற்றுச்சூழல் சுகாதாரம் என்னும் பிரிவில் நீர் வழங்கல், கழிவகற்றல், கொசு ஒழிப்பு, தொழிற்கூட நலம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. இங்கும் வங்காளம் ஓர் எச்சரிக்கையை வழங்குகிறது. குளத்து நீரால் வரும் வயிற்றுநோய்களைத் தவிர்க்கக் குழாய்க் கிணறுகள் பெருமளவில் தோண்டப்பட்டன. கிருமிகளைப் பொறுத்தவரை அது நன்மையே. ஆனால் நிலத்தடிப் படிவுகளில் இருந்த ஆர்சனிக் அந்நீருடன் மேலே வந்தது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல்நோய் வல்லுநர் கே. சி. சாஹா 1983-இல் முதல் நோயாளிகளை இனங்கண்டார். லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. நிறமும் மணமும் சுவையும் இல்லாத நஞ்சை நாவோ கண்ணோ அறியாது. அளவீடு மட்டுமே அறியும்.

ஒரு திட்டம் நிறைவேறியதும் கோப்பை மூடிவிடாது, அதன் விளைவை ஆண்டுதோறும் அளந்துவர வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம். எத்தனை கிணறுகள் தோண்டப்பட்டன என்ற கணக்கு திட்டச் சாதனையைக் காட்டும். எத்தனை பேர் நோயின்றி வாழ்கின்றனர் என்ற கணக்கே திட்டத்தின் பயனைக் காட்டும்.

செலவும் பயனும்

சுகாதாரப் பொருளாதாரமும் நிர்வாகமும் இப்படிப்பின் மற்றொரு தூணாகும். தடுப்பூசியின் பயன் போட்டுக்கொண்டவரோடு நிற்பதில்லை. அவரிடமிருந்து நோய் தொற்றக்கூடிய அயலாரையும் சேர்கிறது. அப்பயனுக்கு அயலார் விலை தருவதில்லையாதலால், சந்தையிடம் மட்டும் விட்டால் சமுதாயத்துக்குத் தேவையான அளவைவிடக் குறைவாகவே தடுப்பூசி போடப்படும். தட்டம்மை போன்று விரைந்து பரவும் நோயைத் தடுக்க 95 விழுக்காட்டினர் எதிர்ப்பாற்றல் பெற்றிருக்க வேண்டும். அரசு இதில் ஈடுபடுவதன் பொருளாதார நியாயம் இதுவாகும்.

போலியோ ஒழிப்பு இன்னும் நுட்பமான பாடம். இந்தியாவில் காட்டு வகைப் போலியோவின் கடைசி நோயாளி, 2011 ஜனவரி 13 அன்று நோய் தொடங்கிய ஹவுரா மாவட்டக் குழந்தை. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. இறுதிக் கட்டத்தில் ஒரு நோயாளியைத் தடுக்க ஆன செலவு மிக அதிகம். சராசரிச் செலவை மட்டும் நோக்கியிருந்தால் திட்டத்தை முன்பே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் நோய் மீண்டும் பரவி, செய்த செலவனைத்தும் வீணாகியிருக்கும்.

மலிவான முறையும் பெரும் பயன் தரலாம். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கிய பன்கான் முகாமில் காலரா பரவியபோது, நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துவந்தது. டாக்டர் திலீப் மஹாலநபிஸ் குழுவினர் உப்பும் குளுகோஸும் கலந்த நீரை நோயாளிகளுக்கு அருந்தக் கொடுத்தனர். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நோயாளியின் உறவினரே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கக்கூடிய மருந்து அது. மக்களின் பழக்கத்தையும் நம்பிக்கையையும் அறியும் சமூகவியல், நடத்தையியல் பாடங்கள் எதற்கு என்று வினவுவோர்க்கு இது விடையாகும்.

கல்வியும் பணியிடமும்

இன்று இப்படிப்பு பல இடங்களில் கிடைக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-இல் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. இப்பட்டப் படிப்புகள் பெரும்பாலும் இரண்டாண்டுக் காலத்தவை. புள்ளிவிவர இயல், நோய்ப்பரவல் இயல், சுற்றுச்சூழல், சமூக நடத்தையியல், கொள்கையும் நிர்வாகமும் என்னும் ஐந்து பிரிவுகளோடு களப்பயிற்சியும் ஆய்வேடும் அமைகின்றன.

பட்டம் பெற்றவருக்கு அதற்குரிய பணியும் அதிகாரமும் உண்டா என்பதே இனி ஆராய வேண்டுவது. இவ்வகையில் தமிழ்நாடு முன்மாதிரியாகக் குறிப்பிடப்படுகிறது. சென்னை மாகாணம் 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. நூற்றாண்டு கண்ட தனி இயக்ககமும், பொதுச் சுகாதாரத்தில் தகுதி பெற்ற மருத்துவர்களைக் கொண்ட தனிப் பணித்தொகுதியும் இங்குள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோர மாவட்டங்களில் பெரும் கொள்ளைநோய் பரவாமல் காத்ததில் இவ்வமைப்புக்குப் பங்குண்டு. நீரில் குளோரின் கலப்பது யார், முகாம்களில் நோய்க் கணக்கெடுப்பது யார் என்பது அன்றைய தினம் புதிதாக முடிவு செய்யப்பட வேண்டியதாக இருக்கவில்லை. எல்லா மாநிலங்களிலும் இத்தகைய பணித்தொகுதி தேவை என்பதை 2017-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கையும் வலியுறுத்தியது.

பணியிடமில்லாத இடத்தில் இக்கல்வி சான்றிதழாகவே நின்றுவிடும். கல்வி இல்லாத இடத்தில் பணியிடம் படிவங்களை நிரப்புவதோடு முடிந்துவிடும். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான், மருத்துவமனை வாயிலை ஒருபோதும் எட்டாதவர்களும் அரசின் கணக்கில் வருவர். டாலி கால்வாயின் கரையில் கணக்கெடுப்புப் படிவத்துடன் கதவைத் தட்டும் மாணவர் கேட்க வேண்டிய முதல் வினா, “இவ்வீட்டில் நோயுற்றவர் யார்?” என்பது. அதற்கு அடுத்தபடியாக அவர் தவறாது கேட்க வேண்டியது, “இவ்வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?” என்பதாகும்.