சுவருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அடுக்குமாடிக் குடியிருப்பு வேலையை விட்டுவிட்டு மருத்துவமனையில் புராஜெக்ட் மேனேஜராகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. "கான்கிரீட் எங்கே போட்டாலும் கான்கிரீட்தானே அண்ணா?" என்றும் கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதுவரை ஆள் குடிவராத கட்டடத்தில் வேலை பார்த்தாய். இனி உன் கட்டடம் ஒருநாளும் காலியாகாது. தீபாவளி அன்றும் கேஷுவாலிட்டி திறந்திருக்கும். நீ துளைபோடப் போகிற சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ படுத்திருப்பார்கள். அது யார் என்று தெரியாமல் டிரில்லிங் மெஷினைத் தொட விடாதே. இத்தனை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

தூசியையே எடுத்துக்கொள். பழைய ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றினால் கொட்டுகிற புழுதியில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மைக்ரான். நீயும் நானும் தினமும் அதை மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. கீமோதெரபியில் வெள்ளையணுக்கள் வற்றிப்போனவரின் நுரையீரலில் அது வளர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் வேலையிடத்தைச் சுற்றி அடைக்கும் தடுப்பு, சீலிங்கோடு நிற்காமல் மேல் ஸ்லாப் வரை போகவேண்டும் என்கிறோம். உள்ளே காற்றழுத்தம் வராந்தாவைவிடக் குறைவாக இருக்கவேண்டும். வெளியேறும் காற்று ஹெப்பா ஃபில்டர் வழியாகப் போகவேண்டும். 0.3 மைக்ரான் துகள்களில்கூட 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஃபில்டர் அது. ஆனால் மேஸ்திரி கதவுக்குச் செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அவ்வளவு செலவும் வீண். கதவிடுக்கில் ஒரு டிஷ்யூ காகிதத்தைத் தொங்கவிடு. அது உட்பக்கமாகச் சாய்ந்தால் சரி.

ஆபரேஷன் தியேட்டரில் கணக்கு தலைகீழ். அங்கே அழுத்தம் உள்ளே கூடுதல், மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று மாறவேண்டும். காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் ஒரே ஏ.எச்.யூ.வை இரண்டு இடத்துக்கும் பங்குபோட்டுச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன், ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடிக்கு ஆக்சிஜன் லைன் நீட்ட ஷட்டவுன் வாங்கினோம். டிராயிங்கில் காட்டியிருந்த வால்வை மூடினோம். சிறிது நேரத்தில் இரண்டாம் மாடியில், பச்சிளங்குழந்தைகளின் ஐ.சி.யூ.வில் அலாரம் அடித்தது. யாரோ எப்போதோ அந்த லைனிலிருந்து கிளை எடுத்திருக்கிறார்கள், டிராயிங்கில் ஏற்றவில்லை. சிஸ்டர்கள் சட்டென்று சிலிண்டருக்கு மாற்றியதால் பாதகம் ஏதுமில்லை. அந்த வார்டுக்கு எங்கள் ஷட்டவுன் கடிதமே போகவில்லை. பிறகெப்படிச் சிலிண்டர் தயாராக இருந்தது? மேலே கேஸ் வேலை நடக்கிறது என்று லிஃப்ட்காரர் பேச்சுவாக்கில் சொன்னாராம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்சார்ஜ் சிஸ்டர் எடுத்து வைத்திருந்தார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பிறகு எந்த டிராயிங்கையும் நான் நம்பியதில்லை. மேனிஃபோல்டு அறையிலிருந்து கட்டில் தலைமாடு வரை லைனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நடப்பேன். செப்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓடுகிறதா என்று பார்ப்பேன். ஓடாவிட்டால் உட்சுவரில் கரி போலப் படியும் ஆக்சைடு, ஒருநாள் உதிர்ந்து வென்டிலேட்டர் வரை போய்ச் சேரும். ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு அவுட்லெட்டிலும் என்ன வாயு வருகிறது என்று கருவி வைத்துச் சோதிப்பேன். எழுதியிருக்கும் பெயரை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதே.

தண்ணீரும் அப்படித்தான். வாஷ்பேசினை எடுத்துவிட்டுக் குழாயை மட்டும் சுவருக்குள் மூடியிட்டு விட்டால், அந்தத் துண்டில் தண்ணீர் தேங்கும். 20 முதல் 45 டிகிரி வரையான வெப்பம் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவுக்குப் பிடித்தமானது. சென்னை மொட்டைமாடித் தொட்டிக்கு அந்தச் சூட்டை யாரும் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. கிளைக் குழாயை அடியோடு வெட்டி எடு.

வேறு வேலைக்குக் கட்டிய கட்டடத்தை மருத்துவமனைக்காக வாடகைக்கு எடுக்கும் பேச்சுக்கும் உன்னை அழைப்பார்கள். சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் 2010-இல் சட்டப்பேரவை, தலைமைச் செயலக வளாகமாகத் திறந்த கட்டடம் 2014-இல் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. ஆக, மாற்ற முடியாது என்றில்லை. ஆனால் கோப்பு போகிற வழியில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா, டன் கணக்கில் எடையுள்ள எம்.ஆர்.ஐ.யை ஸ்லாப் தாங்குமா, ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே கேட்டுவிடு. ஜெனரேட்டருக்குப் பேஸ்மென்ட்டைக் காட்டினால், சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவுபடுத்து.

பேஸ்மென்ட் என்றதும் இன்னொன்று. கொல்கத்தா தாக்குரியாவில் 2011 டிசம்பர் 9 அதிகாலை, ஒரு மருத்துவமனையின் பேஸ்மென்ட்டில் தீப்பிடித்தது. கார் நிறுத்த வேண்டிய இடத்தில் எரியக்கூடிய சாமான்களை அடுக்கியிருந்தார்கள். மேல்மாடிகளுக்கு ஏறிய புகையில் ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் படுக்கையைவிட்டு எழ முடியாத நோயாளிகள். மிச்சமான ஃபால்ஸ் சீலிங் பலகைகளை "ரெண்டு நாள் மட்டும் சார்" என்று கான்ட்ராக்டர் பேஸ்மென்ட்டில் வைக்கக் கேட்பார். மறுத்துவிடு. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வேலை தள்ளிப்போனதென்று நிர்வாகம் உன்னைத் திட்டும். இரைச்சல் என்று டாக்டர் திட்டுவார். பில் பாஸாகவில்லை என்று கான்ட்ராக்டர் திட்டுவார். கேட்டுக்கொள். வார்டு சிஸ்டரோடு மட்டும் பகைத்துக்கொள்ளாதே. எந்த நேரத்தில் வார்டு அமைதியாக இருக்கும், எந்தக் கட்டிலை நகர்த்த முடியாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வாராந்தரக் கூட்டத்தில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடு.

இந்த வாரமே ஒன்று செய். நீ அடுத்து உடைக்கப்போகும் சுவருக்கு அந்தப் பக்கம் எந்த வார்டோ, அங்கே அனுமதி வாங்கிக்கொண்டு ஓர் இரவு உட்கார். நோயாளியோடு துணைக்கு வந்தவர்கள் உட்காரும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியே போதும். காலையில் வந்து உன் பார் சார்ட்டைத் திரும்பப் போட்டுப் பார். அதற்குப் பிறகும் கான்கிரீட் கான்கிரீட்தான் என்று தோன்றினால் போன் பண்ணு, பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்