டோர்னமெண்டுக்குப் போகலாமா, லோனை அடைக்கலாமா? ஒரு மெயிலும் என் பதிலும்

வழக்கமா இங்கே மியூச்சுவல் ஃபண்ட், டேக்ஸ்னு எழுதுவேன். இந்த வாரம் பூல் விளையாட்டு. ஆமா, ஆறு பாக்கெட் வச்ச மேஜை, க்யூ ஸ்டிக், அதேதான். ரெண்டு வாரம் முன்னாடி நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். படிக்கும்போது சின்ன விஷயம் மாதிரி இருந்தது. கணக்குப் போட உட்கார்ந்தா, நம்ம சேனல்ல ரெண்டு வருஷமா பேசுற பாதி விஷயம் இந்த ஒரு கேள்விக்குள்ள இருக்கு.

அவருக்கு வயசு 28. ஹெச்-1பி விசா. எடிசன் பக்கத்துல வாடகை வீடு. எம்.எஸ். படிக்க இங்கே வாங்கின கல்விக் கடனில் இன்னும் 14 லட்சம் பாக்கி, வட்டி 11 சதவீதம், நாலு வருஷம் இருக்கு. வாரம் ஒரு ராத்திரி ஏபிஏ லீகில் பூல் ஆடுகிறார். அவருடைய டீம் பசங்க எல்லாரும் இந்த வசந்த காலத்தில் பென்சில்வேனியாவில் நடக்கும் சூப்பர் பில்லியர்ட்ஸ் எக்ஸ்போவுக்குப் போகிறார்களாம். "நானும் போய் ஆடலாமா அண்ணா? இல்ல அந்தக் காசை லோனில் போடணுமா?" இதுதான் கேள்வி.

தெரியாதவர்களுக்கு: இது பிலடெல்ஃபியாவுக்கு வடமேற்கே ஓக்ஸ் என்ற ஊரில், கிரேட்டர் பிலடெல்ஃபியா எக்ஸ்போ சென்டரில் நடக்கும் திருவிழா. ஆலன் ஹாப்கின்ஸ் என்ற பழைய சாம்பியன் தொண்ணூறுகளில் தொடங்கியது. வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாள். ஒரே கூரைக்குக் கீழே அமெச்சூர் போட்டி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டி, கடைகள் மூணும் இருக்கும். அமெச்சூர் பிரிவில் நூற்றுக்கணக்கான பேர், வரிசை வரிசையா மேஜைகள். இன்னொரு பக்கம் க்யூ செய்பவர்கள், துணி விற்பவர்கள், கேஸ், சாக், ஷாஃப்ட்னு ஸ்டால்கள். பூல் பிடிச்சவனுக்கு அது நம்ம ஊர் புத்தகக் கண்காட்சி மாதிரின்னு வச்சுக்கோங்க. "பார்த்துட்டு வந்துடறேன்"னு போய் ரெண்டு பை நிறைய தூக்கிட்டு வர்ற இடம்.

தம்பி ஒரு பட்ஜெட்டும் அனுப்பியிருந்தார். நுழைவுக் கட்டணம் பிரிவுக்குப் பிரிவு, வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால் கணக்குக்காக 200 டாலர்னு வச்சிருக்கார். ஹோட்டல் மூணு ராத்திரி 480. சாப்பாடு நாலு நாளைக்கு 180. பெட்ரோலும் டோலும் 60. ஆக 920 டாலர். அதற்குக் கீழே ஒரு வரி: "ஷாப்பிங்: 0".

அந்த பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏன்னா நான் இதே பூஜ்யத்தைப் போட்டிருக்கேன். சி.ஏ. முடிச்ச புதுசுல ஒரு கேமரா கண்காட்சிக்கு "சும்மா பார்க்க" போனேன். திரும்பி வரும்போது கையில ஒரு லென்ஸ், கார்டுல பன்னிரண்டு மாச இ.எம்.ஐ. ஊருக்கெல்லாம் ஆடிட் பண்றவன் பண்ணின வேலை. அந்த லென்ஸை மொத்தமா நாலு தடவைதான் மாட்டியிருப்பேன். கண்காட்சின்னா என்ன? அந்தப் பொருள் மேல ஏற்கனவே ஆசை இருக்கிற ஆட்களை மட்டும் வடிகட்டி ஒரு ஹாலுக்குள்ள கொண்டு வந்து நிறுத்துற ஏற்பாடு. தப்புன்னு சொல்லலை. ஆனா அங்கே போற எவனும் பட்ஜெட்ல பூஜ்யம் எழுதக் கூடாது. பெயர் பெற்ற பிராண்டில் ஒரு கார்பன் ஃபைபர் ஷாஃப்ட்டே பல நூறு டாலர். அதைக் கையில எடுத்து ரெண்டு ஷாட் அடிச்சுப் பார்க்கச் சொல்லுவாங்க. அப்புறம் நீங்க நீங்களா இருக்க மாட்டீங்க. ஸ்டால்ல போட்டிருக்கிற விலைக்கு மேல பென்சில்வேனியாவின் 6 சதவீத விற்பனை வரி வேற சேரும். அதனால அந்த வரியை 300-ஆ மாத்தினேன். இப்போ மொத்தம் 1,220.

அடுத்தது நம்ம ஆட்கள் எல்லாரும் பண்ற தப்பு. "பரிசு வந்தா செலவு கழிஞ்சுரும்." தம்பியும் எழுதியிருந்தார். இதை மட்டும் கொஞ்சம் நின்னு பார்ப்போம், ஏன்னா பூலில் இதற்கு நிஜமாவே கணக்கு இருக்கு.

ஃபார்கோரேட்னு ஒரு ரேட்டிங் முறை உண்டு. செஸ்ஸில் எலோ மாதிரி. அதில் ரெண்டு பேருக்கும் நடுவில் 100 புள்ளி வித்தியாசம் இருந்தா, நீண்ட கணக்கில் மேலே இருப்பவர் ரெண்டு கேம் ஜெயிச்சா கீழே இருப்பவர் ஒண்ணு ஜெயிப்பார். தம்பியோட ரேட்டிங் 430. போன வருஷம் போன டீம் பசங்க மோதினவங்க 520, 540ன்னு இருந்தாங்களாம். சரி, 100 வித்தியாசம்னு வச்சுக்குவோம். ஒரு கேமில் தம்பி ஜெயிக்க வாய்ப்பு மூணுல ஒண்ணு. பரவாயில்லையேன்னு தோணும். ஆனா ஒரு மேட்ச்னா ஒரு கேம் இல்லை. முதலில் ஐந்து கேம் எடுப்பவருக்கு மேட்ச்னா, அவர் ஜெயிக்கிற வாய்ப்பு நூற்றுக்கு 14 அல்லது 15 தடவைதான். கேம் எண்ணிக்கை கூடக் கூட அதிர்ஷ்டம் கரைஞ்சு திறமை மேல வந்துரும். (இதையே தலைகீழா எஸ்.ஐ.பி. வீடியோவில் சொல்லியிருக்கேன், ஞாபகம் இருக்கா?)

லீகில் ஜெயிக்கிறேனேன்னு கேட்கலாம். ஏபிஏ லீகில் ஹேண்டிகேப் உண்டு. பலமானவர் அதிக கேம் ஜெயிக்கணும், பலவீனமானவருக்குக் குறைச்சால் போதும். அந்த ஏணி இருக்கிறதாலதான் நீங்களும் 600 ரேட்டிங்காரரும் ஒரே மேஜையில் சமமா நிக்கிறீங்க. ஏணியை எடுத்துட்டு ஆடுற போட்டியில் நிலைமை வேற.

இப்போ போட்டியின் அமைப்பு. சிங்கிள் எலிமினேஷன்னா முதல் சுற்றிலேயே பாதிப் பேர் வீட்டுக்கு. டபுள் எலிமினேஷன்னா, ரெண்டு தடவை தோத்தால்தான் வெளியே. அப்பவும் வந்தவங்கள்ல நாலில் ஒருத்தர் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல்தான் போவார். யார் எவ்வளவு நல்லா ஆடினாலும் இந்தக் கணக்கு மாறாது. பிராக்கெட் அப்படித்தான் வேலை செய்யும். தம்பி எதிரே வர்ற ரெண்டு பேருமே 100 புள்ளி கூடன்னா, ரெண்டும் தோத்துட்டு வெளியே வர வாய்ப்பு நூற்றுக்கு 73. அப்போ 920 டாலருக்கு ரெண்டு மேட்ச். மேட்ச் ஒண்ணுக்கு 460 டாலர். அதுவும் வியாழன் இல்லைன்னா வெள்ளியே முடிஞ்சிருச்சுன்னா? ஹோட்டல் ஞாயிறு வரை புக் ஆகியிருக்கு. கையில ஷாஃப்ட் வாங்க நிறைய நேரம்.

பரிசுப் பணத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெச்-1பி என்பது ஸ்பான்சர் பண்ணின கம்பெனிக்கு வேலை செய்ய மட்டும் கொடுக்கிற அனுமதி. போட்டியில் பணம் வாங்குவது அதுக்குள்ள எங்கே வரும்னு கம்பெனியின் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு மெயில் போட்டுக் கேளுங்க, பெயர் கொடுக்கும் முன்னாடியே. வாங்கினா அது வரிக்கு உட்பட்ட வருமானமும்கூட. அதனால என் ஷீட்டில் வரவுப் பக்கம் பூஜ்யம். பூஜ்யம் எழுத வேண்டிய இடம் அதுதான்.

சரி, லோன். பலரும் "920 டாலர்தானே, மாச சம்பளத்தில் கொஞ்சம்"னு விட்டுருவாங்க. ஒரு டாலர் 85 ரூபாய்னு வச்சு, வட்டமா 1,000 டாலர்னா 85,000 ரூபாய். இதை இன்னைக்குக் கடனில் கட்டி, இ.எம்.ஐ.யைக் குறைக்காமல் அப்படியே தொடர்ந்தால், நாலு வருஷக் கடைசியில் சுமார் 1.3 லட்சம் ரூபாய் தவணை கட்ட வேண்டி வராது. அதாவது இந்தப் பயணத்தின் விலைச் சீட்டில் 85,000ன்னு இருந்தாலும் தம்பி கொடுக்கிற விலை 1.3 லட்சம். "கல்விக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை இருக்கே சார்"னு ஒருத்தர் உடனே வருவார். இந்தியாவில் வரி கட்டுற அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு அந்தச் சலுகையால பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை.

இங்கே நிறுத்தினால், போகாதேன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா கடன் முடியுற வரைக்கும் மூச்சு விடாதேன்னு சொல்ற ஆள் நான் இல்லை. நாலு வருஷம் ஒரு 28 வயசுப் பையன் எதுவுமே செய்யாமல் இருக்க மாட்டான். அப்படி இருக்கச் சொன்னா ரெண்டாவது வருஷம் வெடிச்சு, இதைவிடப் பெரிய செலவு ஒண்ணைப் பண்ணுவான். பார்த்திருக்கேன்.

அதனால அவரைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் பேசினோம். பணத்தைப் பற்றிப் பேசினது பத்து நிமிஷம் இருக்கும். நான் கேட்டது, "லீவு எத்தனை நாள் இருக்கு?"

வருஷத்துக்குப் பத்து நாள். போட்டிக்குப் போனா வியாழன், வெள்ளி ரெண்டு நாள் போகும். மீதி எட்டு. "ஊருக்கு எப்போ வர்றீங்க?"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ரெண்டு வருஷமா வரலையாம். ஆகஸ்ட்டில் அக்காவுக்கு வளைகாப்பு, விழுப்புரத்தில். அதுக்குப் பத்து நாளும் வேணும், ஏன்னா விசா ஸ்டாம்பிங்கும் அதே பயணத்தில் முடிக்கணும். கான்சுலேட் வேலைக்கு ரெண்டு நாளாவது இடைவெளி விடாமல் டிக்கெட் போடுறது தலையைக் கொடுக்கிற மாதிரி.

அவர் அனுப்பின ஷீட்டில் டாலர் எல்லாம் இருந்தது, இந்த ரெண்டு நாள் இல்லை. நம்ம எல்லாருக்குமே அப்படித்தான். சம்பளம் அடுத்த மாசம் திரும்ப வரும், அதைப் பைசா பைசாவா எண்ணுவோம். லீவு அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான், அதை எண்ண மாட்டோம். பணமா மாத்திப் பார்க்கணும்னா உங்க ஆண்டுச் சம்பளத்தை 260 வேலை நாளால் வகுங்க, ஒரு நாள் விலை வரும். ஆனா வளைகாப்புக்கு ரெண்டு நாள் குறையுறதை அந்த எண் காட்டாது.

அப்புறம் இன்னொரு கேள்வி: "டீம் போகலைன்னா நீங்க தனியா போவீங்களா?" யோசிச்சு, "ஆடப் போக மாட்டேன். ஆனா ப்ரோஸ் ஆடுறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்னு ஆசை"ன்னார். அங்கே பதில் பாதி வந்துருச்சு. அவருக்கு வேண்டியது பார்ப்பது. டீமுக்கு வேண்டியது அவர் ஆடுவது. பில் மட்டும் அவருக்கு.

இதைக் கேட்டுட்டு நான் சொன்னது: இந்த வருஷம் ஆடப் பெயர் கொடுக்க வேண்டாம். சனிக்கிழமை காலையில் பார்வையாளர் டிக்கெட் எடுத்துப் போங்க, எடிசனிலிருந்து ஒன்றரை மணி நேர டிரைவ்தான். ஒரு ராத்திரி டீம் பசங்க ரூமில் பங்கு கொடுத்துத் தங்குங்க. கேன்சல் செய்தால் பணம் திரும்ப வரும் ரேட்டில் மட்டும் புக் பண்ணச் சொல்லுங்க, பத்து டாலர் கூட ஆனாலும் பரவாயில்லை. 2020 மார்ச்சில் நடக்க இருந்த எக்ஸ்போ கொரோனாவால் நின்னு போச்சு. நான்-ரீஃபண்டபிள் புக் பண்ணினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஸ்டால் பக்கம் போகும்போது கார்டை ரூமில் வச்சுட்டு, முடிவு பண்ணின ரொக்கத்தை மட்டும் எடுத்துட்டுப் போங்க. ராத்திரி காசு வச்சு ஆடலாம்னு யாராவது கூப்பிட்டா, தூக்கம் வருதுன்னு சொல்லுங்க. உங்களைத் தேடி வந்து கூப்பிடுறவன் உங்க ஆட்டத்தைப் பார்த்துட்டுத்தான் கூப்பிடுறான்.

இப்படிப் போனா 250-லிருந்து 300 டாலருக்குள்ள முடியும். லீவு ஒரு நாளும் போகாது. மிச்சமாகும் 900-ஐ அந்த வாரமே கடனில் கட்டணும். "அடுத்த மாசம் கட்டுறேன்"னா அது கட்டின மாதிரி இல்லை. மாசம் 60 டாலர் தனி அக்கவுண்டில் "பூல்"னு பெயர் போட்டுப் போடுங்க. அடுத்த வசந்தத்துக்கு 700க்கு மேல சேர்ந்திருக்கும். அதுக்குள்ள ரேட்டிங் 480, 490ன்னு வந்திருந்தா, அந்த அக்கவுண்ட் காசில் போய் ஆடுங்க. லோனைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ரூமை ரெண்டு பேரா பகிர்ந்தால் அந்தக் காசு சரியா வரும்.

இதே ஆள் கடன் இல்லாமல், ஆறு மாச அவசர நிதியோட, லீவு மிச்சம் வச்சுட்டு, "தோத்தாலும் பரவாயில்லை, அந்த மேஜையில் நிக்கணும்"னு எழுதியிருந்தா, போங்கன்னு ஒரே வரியில் பதில் போட்டிருப்பேன். 73 சதவீதத்தைச் சொல்லியிருக்கவே மாட்டேன். சந்தோஷத்துக்குச் செலவு பண்றவனிடம் வெற்றி வாய்ப்பைக் காட்டிப் பயமுறுத்துறது அநியாயம். லாபம் வரும்னு சொல்லிச் செலவு பண்றவனிடம் மட்டும்தான் அதைக் காட்டணும்.

சென்னையில் இருக்கிற நீங்க மாரத்தான், காமிக் கான், பைக் ரைடுன்னு எதுக்குப் போனாலும் இதே ஷீட்டைப் பயன்படுத்தலாம். இந்த வாரம் வீடியோவோட அதை வைக்கிறேன். லீவு நாள் காலத்தை முதல் வரியாகவே போட்டிருக்கேன்.

தம்பி நேத்து மறுபடி மெயில் பண்ணினார். சனிக்கிழமை டிக்கெட்தான் எடுக்கப் போறாராம். டீம் கேப்டனுக்குக் கொஞ்சம் வருத்தம். வேற ஆள் தேடிக்கிட்டாங்களாம். ஆகஸ்ட் டிக்கெட்டும் பார்க்க ஆரம்பிச்சுட்டார், விலை ஏறுறதுக்குள்ள போடணும்னு. கடைசியா ஒரு வரி: "அண்ணா, அந்த 300-ஐ 400-ஆ வச்சுக்கலாமா? ஷாஃப்ட் மட்டும்."

வேண்டாம்னு எழுதியிருக்கேன்.