கம்ப்யூட்டரைத் தொடும் முன் பெட்ரோலைப் பாருங்கள்

திருவொற்றியூரில் செயின்சாவும் கான்கிரீட் கட்டரும் பழுது பார்ப்பது என் தொழில். கார்புரேட்டரோடு பழகிய கை இது. மெஷின் திணறினால் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, சத்தத்தைக் கேட்டே சரி செய்துவிடுவேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபின், விழுந்த மரங்களை அறுத்துக் களைத்த மெஷின்கள் வரிசையாக வந்தபோதும் அந்தப் பழக்கம்தான் காப்பாற்றியது.

முதன்முதலாகக் கார்புரேட்டர் இல்லாத ஓர் இன்ஜெக்‌ஷன் மெஷின் வந்தபோது, திருப்புவதற்கு அதில் ஸ்க்ரூவே இல்லை. ரோடு வெட்டும் வேலைக்குப் போகும் தம்பி ஒருவன் கொண்டுவந்தான். "ஸ்டார்ட் ஆகுதுண்ணா, லோடு குடுத்தா அமுங்கிடுது. கம்ப்யூட்டர் போயிடுச்சுன்னு சொல்றாங்கண்ணா" என்றான். நானும் அப்படியே நம்பி, இரண்டு நாள் ஒயரையும் கனெக்டரையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் டேங்கிலிருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினேன். மேலே ஆயில் கலந்த நிறத்தில் பெட்ரோல். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நிறமில்லாத நீர். கோளாறு கண்ணெதிரே தெரிந்தது.

பம்பில் இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் பக்கம் கடற்காற்று வேறு. மூடி சரியில்லாத பாதி கேனிலோ மழை நனைந்த கேனிலோ தண்ணீர் அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் மேலேயிருக்கும் பெட்ரோலோடு தங்கிவிடும். டேங்க் ஃபில்டர் கிடப்பதோ அடியில். அது ஆயில் இல்லாததை உறிஞ்சி அனுப்பும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் கீறிவிடும்.

இப்படிப்பட்ட இன்ஜெக்‌ஷன் மெஷின் ஏன் நம்மை ஏமாற்றுகிறது? ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 500i செயின்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். 79.2 சிசி, சோக்கும் இல்லை, பேட்டரியும் இல்லை. கயிற்றை இழுக்கும்போது ஃப்ளைவீல் சுற்றி உண்டாகும் கரன்ட்டில்தான், நாம் கம்ப்யூட்டர் என்று சொல்லும் கன்ட்ரோல் யூனிட்டும் இன்ஜெக்டரும் இயங்கும். சென்சார்கள் சொல்லும் வெப்பம், அழுத்தத்தைப் பார்த்து, தேவையான பெட்ரோலை அது தானே அளந்து விடும். ஏர் ஃபில்டர் கொஞ்சம் அடைத்தாலும் சமாளித்து ஓடும். கார்புரேட்டர் ஆரம்பத்திலேயே இருமிக் காட்டிவிடும். இது முடிந்தவரை பொறுத்துவிட்டு ஒருநாள் மொத்தமாகப் படுக்கும். அதனால்தான் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் மேல் சந்தேகம் வருகிறது.

அன்றிலிருந்து நான் பார்க்கும் வரிசை இது:

1. பாட்டில். டேங்கிலிருப்பதைப் பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தாலோ, கலங்கினாலோ, வார்னிஷ் வாடை அடித்தாலோ அந்தப் பெட்ரோல் வேண்டாம். புதிய பெட்ரோலில், கம்பெனி 50:1 என்று சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். கண் மதிப்பு உதவாது. சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள்.

2. டேங்க் மூடி. சில நிமிடம் ஓடி நின்றால், இன்ஜினை ஆறவிட்டு மூடியை மெல்லத் திறவுங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால், காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. சிமென்ட் தூசியில் வேலை செய்யும் மெஷின்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

3. பிரைமர் பல்ப். அமுக்கியபின் மெதுவாக எழும்பினால் டேங்க் ஃபில்டரிலோ ட்யூபிலோ அடைப்பு. குமிழி வந்துகொண்டே இருந்தால் ட்யூப் வெடித்திருக்கும். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பிவிடும். விரலால் நசுக்கிப் பாருங்கள்.

4. பிளக். ஏழெட்டு முறை இழுத்தபின் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க்கைப் பாருங்கள். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, கேனைத் தள்ளி வைத்த பிறகு.

5. கனெக்டர். உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணெய்ப் படலமும் எண்ணூரைப் பிடித்ததே, அப்படித் தண்ணீரில் மூழ்கிய மெஷின் என்றால் கயிற்றை இழுக்கவே கூடாது. முதலில் டேங்க் காலி, பிளக் வெளியே, பிறகு உலர்த்தல்.

இவை ஐந்தும் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால்தான் சர்வீஸ் சென்டரின் டயக்னாஸ்டிக் கருவிக்கு அனுப்புங்கள். இன்ஜெக்டருக்கு நேரடியாக 12 வோல்ட் பேட்டரி கொடுத்துச் சோதிக்காதீர்கள். உள்ளே காயில் கருகிவிடலாம். கம்ப்ரஸர் காற்றையும் அதற்குள் அடிக்காதீர்கள்.

நான் வரிசை மாற்றிப் பார்த்ததால் அந்தத் தம்பிக்கு இரண்டு நாள் கூலி போனது. அது இன்னும் மனசில் உறுத்துகிறது. மெஷினைத் திருப்பிக் கொடுத்தபோது, அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்கும்படி சொல்லி, இறுக்கமான மூடியோடு இரண்டு லிட்டர் கேன் ஒன்றையும் கையில் கொடுத்தனுப்பினேன்.